எலி மூளைப் படத்தில் இடது எது, வலது எது?

கையுறை போடு, ஸ்லைடில் எண் எழுது என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. பாளையங்கோட்டைப் பக்கம் பக்கவாத எலிகளை வைத்து ஆய்வு தொடங்குகிற மாணவர்கள், ஒவ்வொரு பேட்சிலும், முன்னால் போனவர்கள் விழுந்த அதே குழிகளில்தான் விழுகிறார்கள். அந்தக் குழிகள் இவை.

நுங்குப் பதத்தில் வெட்டுவது

அப்போதே எடுத்த மூளை இளநுங்கு மாதிரி. பிளேடு பட்டதும் நசுங்கும். ஃப்ரீசரில் மைனஸ் 20 டிகிரியில் 10, 15 நிமிடம் வைத்தால் வெட்டும் பதம் வரும். உறையவிட்டால் பனித்துகள் திசுவைக் கிழித்து, டி.டி.சி. சாயம் (உயிருள்ள திசுவைச் சிவப்பாக்கும், செத்த திசு வெளுத்தே இருக்கும்) திட்டுத்திட்டாக ஏறும். 2 மி.மீ. துண்டுகள், 2 சதவீத டி.டி.சி., 37 டிகிரி, இருட்டில் 20 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பிவிடவும். சித்திரை வெயிலில் மேசைச் சூடே போதும் என்று வாட்டர்பாத்தை விட்டுவிடாதீர்கள்.

இடது வலது மாறுவது

எரிச்சலூட்டுவது இதுதான். எலி மூளையின் இரு பாதிகளும் ஒன்றுபோல இருப்பதால், படம் கண்ணாடிபோலப் புரண்டிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. "எல்லாம் சரியாத்தான் இருக்கு சார்" என்பார்கள். பக்கவாதம் வரவைக்க வலது நடுப் பெருமூளைத் தமனியை அடைத்த எலிகளில் சிலவற்றின் படம் மட்டும் புரண்டிருந்தால், எல்லாவற்றையும் அட்லஸில், அதாவது பொதுவான எலி மூளை வரைபடத்தில், ஏற்றிச் சராசரி எடுக்கும்போது இரண்டு பக்கமும் அரைகுறைப் புண் தெரியும். மருந்து புண்ணைச் சுருக்கிவிட்டது என்று அதை நம்புகிறவர்களும் உண்டு. வீக்கத் திருத்தமும் கெடும்: நல்ல பாதியின் கனஅளவிலிருந்து அடிபட்ட பாதியில் மிஞ்சிய நல்ல திசுவைக் கழிக்கும் கணக்கு அது. எந்தப் பாதி நல்லது என்பதே தவறினால் வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை.

புரள்வதற்கு வழிகள் பல. எம்.ஆர்.ஐ. கருவியில் மனிதர் மல்லாந்து படுப்பதாகப் பதிவு இருக்கும். எலியோ குப்புறக் கிடக்கும். பதிவை மாற்றாவிட்டால் படம் தலைகீழாக வரும். அதை 180 டிகிரி சுழற்றவேண்டும். மேல்கீழாக மட்டும் புரட்டினால் நிமிர்ந்துவிடும், ஆனால் இடதும் வலதும் மாறிவிடும். இது போதாதென்று, சில மென்பொருள்கள் விலங்கின் இடதைத் திரையின் வலதில் காட்டும், சில இடதிலேயே காட்டும். சாயத்தில் மிதக்கும் துண்டுகளும் அப்படித்தான்: முன்முகத்தைப் பார்த்தால் எலியின் இடது நமக்கு வலப்பக்கம், பின்முகத்தில் இடப்பக்கம்.

மூளையை வெட்டுமுன், 26 கேஜ் ஊசியால் நல்ல பக்கத்தில், அளக்காத அடிப்பகுதியில், முன்னிருந்து பின்வரை ஒரு துளை போடுங்கள். எல்லா எலியிலும் அதே பக்கம். உயிருள்ள எலியை ஸ்கேன் செய்தால், வைட்டமின் ஈ மாத்திரையின் எண்ணெயை மெல்லிய குழாயில் அடைத்து, இரு முனையையும் மூடி, இடது காதருகே ஒட்டுங்கள்; படத்தில் பளிச்சென்று தெரியும். குறிப்பேட்டையும் பாருங்கள். வாலைப் பிடித்துத் தூக்கும்போது இடது முன்கால் மடங்கினால் புண் வலது மூளையில் இருக்கவேண்டும். படம் வேறு சொன்னால் தப்பு படத்தில்தான்.

ஏ.சி. அறையில் மயக்கம்

எலி குளிர்ந்தால் புண் சிறுக்கும். மயக்கத்திலிருந்து எலி தெளியும்வரை ஆசனவாய் வெப்பமானியில் 37 டிகிரி இருக்கவேண்டும்.

நாள் கடந்து டி.டி.சி.

வேண்டாம். மூன்று நாளுக்குப் பின் புண்ணில் வந்துசேரும் அழற்சி செல்களும் சிவக்கும், புண் சிறிதாகத் தெரியும்.

அட்லஸ் எண்ணை அப்படியே நம்புவது

பாக்ஸினோஸ், வாட்சன் 1982-இல் வெளியிட்ட அட்லஸ், ஏறத்தாழ 290 கிராம் எடையுள்ள ஆண் விஸ்டார் எலிகளுக்கானது. அதில் ஊசி இறக்கவேண்டிய இடத்துக்கு எண்கள் உண்டு; 180 கிராம் குட்டியில் அதே எண்களைப் போட்டால் ஊசி தள்ளி இறங்கும். பிரெக்மாவும் லாம்டாவும் (மண்டையோட்டு எலும்புகள் சேரும் முன், பின் புள்ளிகள்) ஒரே உயரத்தில், 0.1 மி.மீ.-க்குள் நிற்கவேண்டும். முதல் எலியில் மருந்துக்குப் பதில் 1 மைக்ரோ லிட்டர் மெத்திலீன் புளூவைச் செலுத்தி, வெட்டிப் பாருங்கள்.