உங்கள் பிராண்டு பெயரை ஒட்டியே இன்னொரு மூட்டை வந்தால்: நோட்டீஸுக்கு முன் செய்ய வேண்டியவை

சிமென்டோ, கம்பியோ, டைல் பசையோ, உங்கள் பெயரை ஒட்டியே இன்னொரு சரக்கு சந்தைக்கு வந்துவிட்டது என்று தெரிந்ததும் பலர் உடனே வக்கீலைக் கூப்பிட்டு நோட்டீஸ் விடச் சொல்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். நோட்டீஸ் கைக்குப் போனதும் எதிர்த்தரப்பு உங்கள் வர்த்தக முத்திரைப் பதிவில் எங்கே ஓட்டை இருக்கிறது என்றுதான் தேடும், அதை நீங்களே முதலில் தேடிவிடுங்கள்.

பதிவுச் சான்றிதழில் எந்த வகுப்பு போட்டிருக்கிறது என்று பாருங்கள். வர்த்தக முத்திரைக்காகப் பொருள்களையும் சேவைகளையும் பிரிக்கப் பெரும்பாலான நாடுகள் பின்பற்றும் நைஸ் வகைப்பாட்டில் மொத்தம் 45 வகுப்புகள், கட்டுமானப் பொருள்கள் அதில் சிதறிக் கிடக்கின்றன. சிமென்ட், செங்கல், டைல்ஸ் 19, கட்டுமானக் கம்பி, உலோகக் கூரை 6, பெயிண்ட் 2, டைல் ஒட்டும் பசையும் கான்கிரீட்டில் கலக்கும் ரசாயனமும் 1. நீங்கள் 19-இல் மட்டும் பதிந்திருக்க, அவர் அதே பெயரை 1-இல் வாங்கியிருக்கலாம். அதற்காக மனம் தளர வேண்டாம். வகுப்பு எண் வேறு என்பதற்காகவே இரண்டு பொருளும் தொடர்பில்லாதவை ஆகிவிடாது. ஒரே கடையில், ஒரே ஆளுக்கு, ஒரே வேலைக்கு விற்கிறதா என்பதும் கணக்கில் வரும். டைல்ஸும் டைல் பசையும் சேர்ந்தேதானே விலைபோகின்றன!

அடுத்து, யார் முந்தி? அமெரிக்கா, பிரிட்டன், இந்தியா போன்ற நாடுகளில் முதலில் பயன்படுத்தியவருக்குப் பலம் அதிகம், சீனா போன்ற இடங்களில் முதலில் விண்ணப்பித்தவருக்கு. எங்கே சண்டை என்பதைப் பொறுத்துப் பழைய பில், மூட்டை அச்சடித்த ரசீது, விளம்பரச் செலவு எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்குங்கள். பெயரைப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் சரக்கு போடாமல் இருந்தால் ஜாக்கிரதை, மூன்று அல்லது ஐந்து வருடம் தொடர்ந்து பயன்படுத்தாத பதிவை நீக்கச் சொல்லிக் கேட்கப் பல நாடுகளில் வழி உண்டு.

இப்போது பெயர்கள். இரண்டு மூட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசம் தேடுவது தப்பான முறை, ஏனென்றால் வாங்குகிறவர் அப்படி வாங்குவதில்லை, அரைகுறை ஞாபகத்தில்தான் வாங்குகிறார். அதிலும் இந்தத் தொழிலில் பாதி ஆர்டர் போனில் போகிறது. வேலை நடக்கிற இடத்தில் மிக்சர் சத்தத்துக்கு நடுவில் நின்று கொத்தனார் 'திண்கல் இருபது மூட்டை அனுப்புங்க' என்கிறார், கடைப்பையன் 'தின்கல்' என்று எழுதிக்கொள்கிறான், வண்டியும் கிளம்பிவிடுகிறது. ஆகவே எழுத்தை விட ஓசையை முதலில் சோதியுங்கள், அப்புறம் மூட்டையின் நிறம், படம், பெயரின் அர்த்தம். ஆனால் இரண்டு பெயருக்கும் பொதுவாக இருப்பது 'ஸ்ட்ராங்', 'சூப்பர்' மாதிரி எல்லாரும் போடுகிற சொல் மட்டும்தான் என்றால் அதை வைத்து வழக்கு நிற்பது கஷ்டம்.

குழப்பம் உண்மையிலேயே நடந்ததற்கான சான்றுதான் என் கணிப்பில் எல்லாவற்றையும் விட மதிப்பு வாய்ந்தது. அவருடைய சரக்கைப் பற்றி உங்களுக்கு வந்த புகார், மாறி வந்த டெலிவரி, டீலர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி என்று எதையும் அழிக்காதீர்கள். அவருடைய மூட்டை ஒன்றைப் பில் போட்டு வாங்கி, முன்பக்கம், பின்பக்கம், பேட்ச் எண், தயாரிப்பாளர் முகவரி எல்லாம் தெரியும்படி படம் எடுத்து, பிரிக்காமல் வையுங்கள். இதில் பணம் மட்டும் இல்லை. உங்கள் பெயரை நம்பி ஒருவர் சுவரில் டைல் ஒட்டி, அது வேறு யாருடைய பசையாலோ பெயர்ந்து விழுந்தால் அடிபடுகிறவர் அவர், கெட்டுப்போவது உங்கள் பெயர்.

அவருடைய விண்ணப்பம் இன்னும் பதிவாகவில்லை என்றால் வழக்கை விட ஆட்சேபம் மலிவு. அதற்குக் கெடு உண்டு: பதிவு அலுவலகம் அந்த விண்ணப்பத்தை வெளியிட்டதிலிருந்து அமெரிக்காவில் 30 நாள், ஐரோப்பிய ஒன்றியத்தில் 3 மாதம், இந்தியாவில் 4 மாதம். உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் பிராண்டு தரவுத்தளத்தில் இலவசமாகவே தேடலாம், மாதம் ஒருமுறை தேடுங்கள். தெரிந்தும் ஐந்து வருடம் சும்மா இருந்துவிட்டால் அவருடைய பதிவை எதிர்க்கும் உரிமையே சில நாடுகளில் பெரும்பாலும் போய்விடும்.

இவ்வளவும் கையில் இருந்தால் நோட்டீஸ் விடலாம். அதற்குள் டீலர்களிடம் போய் 'அது போலி, விற்றால் வழக்குப் போடுவோம்' என்று சொல்லிவைக்காதீர்கள். ஆதாரமில்லாத மிரட்டல் என்று அவர் உங்கள் மேலேயே வழக்குப் போட பிரிட்டன், இந்தியா போன்ற நாடுகளில் சட்டம் இருக்கிறது.

இரண்டு பேருமே நேர்மையாக, வேறு வேறு பகுதிகளில், பல வருடமாக விற்று வந்திருந்தால் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போடுவதே மேல். யார் எந்தப் பொருள், எந்தப் பகுதி, மூட்டையில் என்ன நிறம் என்று எழுதுவதோடு, ஆன்லைன் விற்பனை, நாளைக்கு வரப்போகும் புதுப் பொருள், கம்பெனியை வேறொருவர் வாங்கினால் என்ன என்பதையும் கட்டாயம் எழுதிவிடுங்கள், பிற்பாடு தகராறு கிளம்புவது பெரும்பாலும் இந்த மூன்றில்தான்.