கொழிஞ்சாம்பாறை ஸ்கூட்டரைத் திருப்பிக் கொடுத்த விதம்

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் போய், கேரளாவின் கொழிஞ்சாம்பாறையில் ஒருவரிடம் அவர் ஓட்டிய கேஎல் 09 நம்பர் ஸ்கூட்டர் ஒன்றை 38,000 ரூபாய்க்கு வாங்கினேன். மூன்றாம் நாளே மேடு ஏறினால் நீலப் புகை. திருப்பி எடுத்துக்கச் சொன்னால், "ஓட்டிப் பார்த்துத்தானே அண்ணா வாங்கினீங்க" என்று போனை வைத்துவிட்டார்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று ஒரு வாரம் பேப்பர் சேர்த்தேன், வீண். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தொழிலாக விற்பவர்களுக்குத்தான், சொந்த வண்டியை விற்கிறவரை அதில் இழுக்க முடியாது. ஸ்டேஷனில் சிவில் விவகாரம் என்றார்கள். புகையை வைத்தும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது, பார்த்து வாங்க வேண்டியது நம் பாடு.

அப்புறம் தமிழ்நாட்டுக்குப் பதிவு மாற்ற, படிவம் 28-க்காக (பழைய ஆர்டிஓவிடம் தடையில்லாச் சான்று கேட்கும் படிவம்) பரிவாகன் என்ற அரசு வாகனப் பதிவுத் தளத்தில் நம்பரைப் போட்டேன். கடன் கொடுத்த ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் அப்படியே நிற்கிறது! எனக்குக் காட்டிய ஆர்சி ஜெராக்ஸில் ஒரு பக்கம்தான் இருந்தது, நானும் கேட்கவில்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் "லோன் எதுவும் இல்லை" என்று அவரே எழுதியிருந்தார்.

சரி, புகையை விட்டுவிட்டு இதைப் பிடித்தேன். பொய் சொல்லிச் சம்மதம் வாங்கிய ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம் என்கிறது 1872 ஒப்பந்தச் சட்டம் 19-ம் பிரிவு. அதைக் குறிப்பிட்டு, இரண்டு ஸ்க்ரீன்ஷாட்டையும் வைத்து, ஒப்புகை அட்டையோடு அவருக்கு ஒரு கடிதம் தபாலில் அனுப்பினேன். ஐந்தாம் நாள் அவரே கூப்பிட்டார். 36,000 கணக்கில் வந்த பிறகுதான் சாவியைக் கொடுத்தேன். மீதி 2,000-க்குச் சண்டை போடத் தெம்பில்லை.