நோட் ஜேஎஸ் சர்வர்: நிகழ்நேரத் தளம் அமைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட்டிலிருந்தோ தரவுத்தளத்திலிருந்தோ விடை வரும்வரை சர்வர் கைகட்டிக் காத்திருக்கக் கூடாது, விடை வந்த பிறகு அந்த வேலையைத் தொடர்ந்தால் போதும் என்ற எண்ணத்தில்தான் ரயன் டால் 2009-இல், ஜாவாஸ்கிரிப்ட் நிரலை சர்வரில் இயக்கும் நோட் ஜேஎஸ்ஸை உருவாக்கினார். அரட்டை, நேரலை ஸ்கோர் போன்ற தளங்களுக்கு இது மிகவும் பொருந்தும். ஆனால் பிஎச்பி ஹோஸ்டிங்கில் பழகியவர்கள் இதற்கு மாறும்போது பழைய பழக்கங்களையும் உடன் கொண்டுவந்துவிடுகிறார்கள். அங்கே ஒரு கோரிக்கை முடிந்ததும் அதன் மாறிகள் அனைத்தும் அழிந்துவிடும். இங்கோ ஒரே ப்ராசஸ் (இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்) நாள்கணக்கில் ஓடுகிறது. எல்லாப் பயனர்களின் நிரலும் அதன் ஒரே இழையில் (த்ரெட்), அதாவது ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் செய்யும் ஓட்டத்தில், வரிசையில் நிற்கிறது.

அந்த இழையை அடைத்துவிடுவதே முதல் தவறு. ஒருவருடைய கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் கணக்கீட்டை ஒத்திசைவு முறையில் (அது முடியும்வரை வேறெதுவும் நடக்காதபடி) அழைத்து, அதற்கு அரை நொடி பிடித்தால், இணைந்திருக்கும் மற்ற அனைவரும் அந்த அரை நொடி உறைந்து நிற்பார்கள். பல மெகாபைட் அளவுள்ள ஜேசான் என்ற உரைவடிவத் தரவைப் பிரிப்பதும், கவனமின்றி எழுதிய ரெகுலர் எக்ஸ்பிரஷனும் (உரையில் தேடுவதற்கான வடிவ விதி) இதே விளைவைத் தரும். செயற்கூற்றின் முன், காத்திருப்பு வேலைகளுக்கான 'அசிங்க்' என்ற சொல்லை எழுதிவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். உள்ளே நீண்ட சுழற்சி ஒன்று இருந்தால் அந்தச் சொல்லால் எந்தப் பயனும் இல்லை. கனமான கணக்கீட்டை வொர்க்கர் த்ரெட் என்னும் தனி இழைக்கோ தனி ப்ராசஸுக்கோ அனுப்ப வேண்டும். கோப்பு வேலைகளையும் சில குறியாக்க வேலைகளையும் நோட்டின் உள்ளே இருக்கும் லிப்யூவி என்ற நூலகம் தன் இழைக்குழுவிடம் தள்ளிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் குழுவில் இயல்பாக இருப்பவை 4 இழைகள் மட்டுமே.

அடுத்தது ஹோஸ்டிங் தேர்வு. சிபேனல் என்ற ஹோஸ்டிங் நிர்வாகப் பலகையில் நோட் வசதி இருக்கிறது என்பதற்காக மலிவான ஷேர்டு ஹோஸ்டிங்கை (ஒரே சர்வரைப் பலர் பகிர்வது) எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அங்கே பயன்பாட்டை இயக்கும் பாசஞ்சர் போன்ற மென்பொருள், சிறிது நேரம் யாரும் வராவிட்டால் ப்ராசஸை நிறுத்திவிடக்கூடும். நினைவகத்தில் வைத்திருந்தவையும் அதோடு போய்விடும். சிறிய விபிஎஸ் (நமக்கென ஒதுக்கிய மெய்நிகர் சர்வர்) ஒன்றே இதைவிட மேல்.

விபிஎஸ்ஸில் முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கி நோட்டிடம் அனுப்பும் என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருள் வேறொரு கண்ணியை வைத்திருக்கிறது. உலாவியும் சர்வரும் இருபுறமும் தொடர்ந்து பேசிக்கொள்ளும் வெப்சாக்கெட் இணைப்புக்குத் தேவையான 'அப்கிரேட்' தலைப்பை அது தானாகப் பின்னால் அனுப்பாது. நாம்தான் அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும். மேலும், பின்னாலுள்ள சர்வரிலிருந்து 60 நொடிகள் தரவு எதுவும் வராவிட்டால், இயல்பமைப்பில் அது இணைப்பை மூடிவிடும். சரியாக ஒரு நிமிடத்தில் அரட்டை அறுந்துபோகிறதே என்று தன் நிரலை இரவு முழுதும் துருவுபவர், பெரும்பாலும் இந்த ஒரு நேர வரம்பைத்தான் பார்க்கத் தவறியிருப்பார். 25 அல்லது 30 நொடிக்கு ஒருமுறை சர்வர் பிங் (இணைப்பு உயிரோடிருப்பதைக் காட்டும் சிறு செய்தி) அனுப்பினால் சிக்கல் தீரும்.

இணைந்திருப்போர் பட்டியலைச் சாதாரண மாறியில் வைப்பது ஒரே ப்ராசஸ் உள்ளவரை நடக்கும். ப்ராசஸ்களை நிர்வகிக்கும் பிஎம்2 என்ற கருவி மூலம் நான்கு ப்ராசஸ்களை இயக்கிய அன்றே, ஒன்றில் இருப்பவருக்கு மற்றொன்றில் இருப்பவர் அனுப்பும் செய்தி போய்ச் சேராது. இடையில் ரெடிஸ் (நினைவகத்தில் இயங்கும் தரவுக் களஞ்சியம்) போன்ற பொதுவான தபால்காரர் வேண்டும்.

கையாளாமல் விட்ட பிழை ஒன்று ப்ராசஸையே வீழ்த்தும். நோட் 15 முதல், கையாளப்படாத பிராமிஸ் நிராகரிப்புக்கும் (பின்னர் விடை தரவேண்டிய வேலை தோல்வியடைவது) இதே கதிதான். இதற்கு அஞ்சி எல்லாப் பிழைகளையும் ஓரிடத்தில் பிடித்து விழுங்கிவிட்டுத் தொடர்ந்து ஓடவிடுவது அதைவிட மோசம், ஏனெனில் பாதி சிதைந்த நிலையில் ஓடும் சர்வர் தவறான தரவை எழுதக்கூடும். பிழையைப் பதிவுசெய்துவிட்டு ப்ராசஸை முடியவிட வேண்டும். மீண்டும் எழுப்பும் பொறுப்பு லினக்ஸின் சேவை மேலாளரான சிஸ்டம்டிக்கோ பிஎம்2-க்கோ உரியது.

அப்படி அது மீண்டும் எழும்போது, அறுந்துபோன எல்லா உலாவிகளும் ஒரே கணத்தில் கதவைத் தட்டும். ஆகவே மறுஇணைப்புக்கான இடைவெளியை ஒவ்வொரு முயற்சிக்கும் இரட்டிப்பாக்கி, அதில் சில நொடிகளைத் தற்செயலாகக் கூட்டும் நிரலை உலாவிப் பக்கத்தில் முதல் நாளே எழுதிவிட வேண்டும்.