பழைய கட்டடத்தை இடிக்கத் தீர்மானம் வந்தால்: பேரூராட்சி மக்கள் செய்ய வேண்டியவை

பழைய சத்திரம், பள்ளிக்கூடம், சந்தைக் கொட்டகை என எதுவாக இருந்தாலும் மன்றத்தில் வைக்கும் பொருள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: "சிதிலமடைந்துள்ளதால் இடித்துவிட்டுப் புதிய கட்டடம் கட்டலாம்." இதற்கு எதிராகப் பழம்பெருமையை மட்டும் பேசினால் மன்றம் காது கொடுக்காது. குடிநீர்க் குழாயும் சாக்கடையும் காத்திருக்கும் ஊரில் உறுப்பினர்கள் பணத்தைப் பற்றிக் கேட்பது நியாயமே. ஆகவே பழுதுபார்க்க எவ்வளவு, புதிதாகக் கட்ட எவ்வளவு என்று இரண்டு மதிப்பீடுகளை ஒரே அளவுகோலில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதுதான் உங்கள் வேலை.

முதலில் காகிதங்களைக் கையில் எடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்படி பேரூராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்துடன் மனு கொடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். "ஏன் இடிக்கிறீர்கள்?" என்று கேட்காதீர்கள், காரணம் விளக்கும் கடமை தமக்கில்லை என்று முடித்துவிடுவார்கள். ஆவணங்களின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்:

- மன்றத் தீர்மான நகல்
- உறுதித்தன்மை குறித்த அறிக்கை, ஆய்வு நடந்த தேதி, ஆய்வு செய்தவரின் பதவி
- புதிய கட்டடத்தின் விரிவான மதிப்பீடு (சுருக்கம் மட்டும் போதாது)
- நிர்வாக அனுமதி ஆணை, நிதி எந்தத் தலைப்பில் வருகிறது என்ற விவரம்
- இடிப்பதால் கிடைக்கும் பழைய பொருள்களுக்குப் போட்ட மதிப்பு

அதே சட்டத்தின் பிரிவு 2(j) பணிகளையும் ஆவணங்களையும் நேரில் பார்வையிடவும் சான்றிட்ட பொருள் மாதிரி எடுக்கவும் உரிமை தருகிறது. இதைப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு.

உறுதித்தன்மை அறிக்கை வந்ததும் என்ன சோதனை செய்தார்கள் என்று பாருங்கள். ரீபவுண்ட் ஹேமர் (தட்டி, எகிறும் அளவைக் கொண்டு வலிமையைக் கணிக்கும் கருவி) எண்கள் மட்டும் இருந்தால் அந்த அறிக்கை நிற்காது. அந்தக் கருவி கான்கிரீட்டுக்காக அளவு திருத்தப்பட்டது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவரைப் பற்றி அது சொல்லும் எண்ணுக்குப் பொருளில்லை. சுவரில் விரிசல் இருந்தால் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதிவையுங்கள். ஒரு மழைக்காலம் முழுக்கக் கண்ணாடி உடையவில்லை என்றால் அது பழைய விரிசல், வளரவில்லை. உடைந்தால் அடித்தளம் இறங்குகிறதா என்று பொறியாளர் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட பகுதியை விட்டுக்கொடுக்கவும் தயாராக இருங்கள்.

பெரும்பாலான பழைய கட்டடங்கள் மேலிருந்துதான் சாகின்றன. மெட்ராஸ் டெரஸ் தளத்தைப் பாருங்கள்: தேக்குக் கட்டைகள், அவற்றின்மேல் குத்தாக அடுக்கிய மெல்லிய செங்கல், அதற்கு மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு. மழைநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் நீர் தேங்கும், அரசங்கன்று வேர் பிடிக்கும், ஈரம் இறங்கிச் சுவருக்குள் செருகிய கட்டை முனை மக்கும். கீழேயிருந்து பார்த்தால் கட்டை நன்றாகவே தெரியும். முனையில் ஆணியைக் குத்திப் பாருங்கள், மெத்தென்று இறங்கினால் அந்தக் கட்டைக்கு மட்டும் மாற்றுச் செலவு எழுதுங்கள்.

இந்த இடத்தில்தான் கெட்ட பழுது நடக்கிறது. ஒழுகுகிறது என்று தளத்தின்மேல் 4 அங்குலம் கான்கிரீட் போடுவார்கள். 1,000 சதுர அடிக்கு அது ஏறத்தாழ 22 டன் கூடுதல் எடை. மக்கத் தொடங்கிய கட்டைகள் அதைத் தாங்கா. சுவரில் சிமெண்ட் பூசுவதும் அப்படித்தான்: உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி உப்புப் பூத்து, செங்கல்லின் முகத்தோடு சேர்ந்து பூச்சு உதிரும். பிறகு "பழைய சுவர் தாங்கவில்லை" என்று சுவர்மேல் பழி விழும்.

சுண்ணாம்பு வேலைக்கு ரேட்டே இல்லை என்று அலுவலகத்தில் சொன்னால் அப்படியே ஏற்க வேண்டாம். மொட்டைமாடித் தளத்துக்குச் செங்கல் ஜல்லியும் நீர்த்த சுண்ணாம்பும் 32-க்கு 12½ என்ற விகிதத்தில் போடுவது தமிழ்நாட்டுப் பொதுப்பணி மதிப்பீடுகளில் பழகிப்போன இனம். அரசு விலைப்பட்டியலில் இல்லாத பூச்சு வேலைக்கு மட்டும் தனி டேட்டா (பொருள், கூலி பிரித்துப் போடும் விலைக் கணக்கு) தயாரிக்கச் சொல்லுங்கள். ஒப்பந்தப்புள்ளி நிபந்தனையில் சுண்ணாம்பு வேலையில் முன்னனுபவம் கேட்கட்டும். சுவரில் ஒரு சதுர மீட்டர் மாதிரிப் பூச்சு போட்டு, அது காய்ந்து ஒப்புதல் பெற்ற பிறகே மீதி வேலை என்றும் எழுதச் சொல்லுங்கள். சுண்ணாம்பைக் குறைந்தது இரண்டு வாரமாவது நீரில் ஊறவைக்க வேண்டும். வேலையை ஜனவரியில் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழைக்கு வெகு முன்பே தளம் முடிந்துவிடும். நிதியாண்டு முடிவதற்குள் பில் போட வேண்டும் என்று அவசரப்படுத்தி ஈரத்தின்மேல் பூசியது ஒட்டாது.

இனி ஒப்பீடு. புதிய கட்டடத்தின் பக்கத்தில் இடிக்கும் செலவு, இடிபாடு அள்ளும் செலவு, ஜி.எஸ்.டி., கட்டி முடியும்வரை அலுவலகமோ கடையோ இயங்க மாற்றிடத்தின் வாடகை எல்லாம் வர வேண்டும். தேக்கு விட்டங்களை விறகு விலைக்கு எழுதியிருக்கிறார்களா என்று அவசியம் பாருங்கள். பழைய கட்டடத்தின் பக்கத்தில் கழிப்பறை, சாய்தளம், மின்கம்பி மாற்றம், ஆண்டுப் பராமரிப்பு ஆகியவற்றை மறைக்காமல் சேருங்கள். மறைத்தால் முதல் கேள்வியிலேயே உங்கள் மதிப்பீடு விழும். என்ன பயன்பாடு என்பதையும் எழுதுங்கள். பூட்டிவைக்கப் பழுது பார்ப்பது வீண்செலவு. நூலகம், அங்கன்வாடி, கடை வாடகை என ஒரு வேலை அதற்கு இருக்க வேண்டும்.

நிதித் தலைப்பில் ஏமாறாதீர்கள். புதிய கட்டடத்துக்கென்று வந்த மானியத்தை மன்றம் நினைத்தபடி பழுதுக்குத் திருப்ப முடியாது; அனுமதி கொடுத்த அலுவலகத்திடம் மாற்ற ஆணை பெற வேண்டும். 2021–26 காலத்து 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் இத்தகைய ஊர்களுக்கு 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்று ஒதுக்கியிருந்தார்கள். அப்படி ஒதுக்கிய பணத்தில் கை வைக்கச் சொல்லாதீர்கள். நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்காக மூன்றில் ஒரு பங்கு திரட்ட முடியுமா என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொண்டு போங்கள்.

ஒரு சட்டக் கேள்வியை முதல் நாளே தீர்த்துக்கொள்ளுங்கள். செஞ்சி போல மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் இருக்கும் ஊரில், சின்னத்தின் பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்குத் தடை உண்டு; அடுத்த 200 மீட்டரில் முன் அனுமதி வேண்டும். 100 மீட்டருக்குள் இருப்பதை இடித்துவிட்டால் திரும்பக் கட்டவும் முடியாது. அனுமதியோடு பழுதுபார்ப்பது ஒன்றே வழி. எல்லையை அளந்து, சர்வே எண்ணோடு மனுவில் எழுதுங்கள். மாநிலப் பாதுகாப்பில் உள்ளதற்கு 1966-ஆம் ஆண்டுச் சட்டம் தனியே உண்டு.

இவை கைவசம் ஆனதும் வார்டு உறுப்பினரிடம் இரண்டு பக்கத்துக்குள் கொடுங்கள்: ஒரு பக்கம் ஒப்பீடு, மறுபக்கம் படங்கள். ஏரியா சபையில் (வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் கூட்டம்) பேசி நடவடிக்கைக் குறிப்பில் பதியவைத்து, பிறகு மன்றத்துக்குப் போங்கள். கட்டடம் முழுவதையும் காப்பாற்றக் கேட்பதைவிட, முகப்பும் முன்கூடமும் நிற்க, பின்னால் சிமெண்டில் ஒட்டிய சேர்க்கையை இடித்துப் புதிதாகக் கட்டலாம் என்றால் உறுப்பினர்களுக்கு ஒப்புக்கொள்வது எளிது. தீர்மானத்தில் ஆண்டுப் பராமரிப்புக்கு ஒரு தொகையும், செப்டம்பரில் தளத்தைக் கூட்டிக் குழாய் அடைப்பெடுத்து அரசங்கன்றை வேரோடு களைய வேண்டிய அலுவலரின் பதவிப் பெயரும் வரவேண்டும்.