டிஸ்ஸோ பிஆர்எக்ஸா, சீக்கோ பிரெசாஜா: வாங்குமுன் ஒப்பிடும் முறை

டிஸ்ஸோ பிஆர்எக்ஸ் பவர்மேட்டிக் 80, சீக்கோ பிரெசாஜ் காக்டெயில் டைம் ஆகிய இரண்டு கைக்கடிகாரங்களுக்கும் இடையே தடுமாறுவோர், முகப்பின் அழகைச் சற்று ஒதுக்கிவிட்டு உள்ளிருக்கும் இயந்திரத்திலிருந்து தொடங்குவது நல்லது. முழுச் சாவி ஏறிய டிஸ்ஸோ, கழற்றி வைத்த பிறகும் ஏறத்தாழ 80 மணி நேரம் ஓடும். 4ஆர்35 இயந்திரம் கொண்ட சீக்கோ சுமார் 41 மணி நேரத்தில் நின்றுவிடும் என்பதால், வெள்ளி மாலை மேசையில் வைத்ததைத் திங்கள் காலை எடுப்பவர் நேரத்தையும் தேதியையும் மீண்டும் திருத்த வேண்டியிருக்கும்.

4ஆர்35 நாளொன்றுக்கு 45 வினாடி முந்துவதையும் 35 வினாடி பிந்துவதையும் சீக்கோவே இயல்பென ஏற்கிறது. ஆகவே கடிகாரம் எவ்வளவு முந்துகிறது, பிந்துகிறது என்பதை அளக்கும் டைம்கிராஃபர் கருவி கடையில் இருந்தால், முகப்பு மேல்நோக்கியும் பின்னர் நேரம் திருத்தும் பக்கத் திருகு கீழ்நோக்கியும் இருக்குமாறு வைத்து அளக்கச் சொல்லுங்கள்; இரு அளவுகளும் நெருங்கியிருப்பது, ஒரு நிலையில் மட்டும் தெரியும் அழகான எண்ணைவிட மேலானது.

டிஸ்ஸோவில் சஃபையர் கண்ணாடியும் 100 மீட்டர் நீர்த்தாங்கு திறனும் உண்டு. சீக்கோவில் அதைவிட எளிதில் கீறல் விழக்கூடிய ஹார்ட்லெக்ஸ் கண்ணாடியும் 50 மீட்டரும்தான். ஆனாலும் கதிர்போல் விரியும் அதன் முகப்பை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் இந்தக் கணக்கெல்லாம் சற்று மறந்துபோகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டும் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர்தான் என்றாலும், உடலோடு இணைந்த பட்டை கொண்ட பிஆர்எக்ஸ் மெலிந்த மணிக்கட்டில் ஓரங்களில் இடைவெளி விட்டு நிற்கக்கூடும். அதற்குச் சாதாரணப் பட்டையும் பொருந்தாது. சீக்கோவுக்கு எந்த 20 மில்லிமீட்டர் பட்டையும் போதும்.