பயணம் முடிந்து வீடு திரும்பியதும் எழுதுவது எப்படி: சாலை, செய்தி, சபை

வண்டியை நிறுத்தி, சாமான்களை இறக்கி, குளித்துவிட்டுப் படுத்தால் மறுநாள் காலையில் பாதிப் பயணம் காணாமல் போயிருக்கும். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து 1885ல் வெளியிட்டார். பெரும்பகுதி முதல் நாளிலேயே நழுவிவிடுகிறது. நம் பயணம் அர்த்தமில்லாத அசை இல்லைதான், ஆனாலும் ‘அப்புறம் எழுதிக்கொள்ளலாம்’ என்று விட்ட என்னுடைய மூன்று பயணங்களில் மிஞ்சியது பெட்ரோல் ரசீதுகள் மட்டும்.

அதனால் திரும்பிய இரவே அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கைபேசியில் உள்ள படங்களை வரிசையாகத் தள்ளிக்கொண்டே போய் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதினால் போதும், நேரமும் தேதியும் படத்திலேயே இருக்கும். ஆனால் அதற்கும் முன்னால், படம் எடுக்காதவற்றை எழுதுங்கள். யாரோ சொன்ன ஒரு வாக்கியம், வண்டிக்குள் நடந்த ஒரு சண்டை, வழி தப்பிய இடம், இவைதான் முதலில் மறக்கும். அடுத்த முறை ஓட்டுபவர் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் குரல் பதிவு செய்துகொள்ளட்டும். ஓட்டிக்கொண்டே யாரும் எழுத வேண்டாம்.

குறிப்புகளைப் பிரிக்க நான் பயன்படுத்துவது பைபிளில் லூக்கா 24ஆம் அதிகாரம். எருசலேமிலிருந்து எம்மாவுக்கு இரண்டு பேர் நடந்து போகிறார்கள், ஏறத்தாழ 11 கிலோமீட்டர். பேச்சு முழுவதும் அந்த வாரத்துத் தலைப்புச் செய்திதான். கூடச் சேர்ந்துகொண்ட அந்நியர் ‘என்ன பேசுகிறீர்கள்’ என்று கேட்டதும், இதுகூடத் தெரியாதா என்கிற தொனியில் கிலெயோப்பா பதில் சொல்லத் தொடங்குகிறார். அந்தப் பதிலைக் கவனித்துப் படியுங்கள். முதலில் நடந்தது: இயேசுவைப் பிடித்துக் கொடுத்தார்கள், சிலுவையில் அறைந்தார்கள். அடுத்து தாங்கள் நம்பியிருந்தது. அதன்பின் மற்றவர்கள் சொன்னது: கல்லறைக்குப் போன பெண்கள் அவர் உயிரோடிருப்பதாகக் கேள்விப்பட்டு வந்தார்கள். கடைசியாக, போய்ப் பார்த்தவர்கள் கண்டது: கல்லறை பெண்கள் சொன்னபடியே இருந்தது, அவரைக் காணவில்லை. மனம் உடைந்துபோன ஒருவர், நடந்துகொண்டே, நான்கையும் ஒன்றோடொன்று குழப்பாமல் சொல்லிவிடுகிறார். நாமோ உட்கார்ந்து யோசித்து எழுதியும் குழப்பிவிடுகிறோம்.

நோட்டில் அதே நான்கு தலைப்பு போடுங்கள். நடந்தது, நான் எதிர்பார்த்தது, பிறர் சொன்னது, சரிபார்த்தது. நான்காவது பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும், அது காலியாக இருக்கிறது என்று கண்ணில் படுவதே பெரிய உதவி.

நாட்டு நடப்பை எழுதும்போதுதான் இது அதிகம் கைகொடுக்கும். போன பயணத்தில் சாலையோரம் வற்றிய ஏரி ஒன்றைப் பார்த்தேன், வெடித்த சேற்றில் ஒரு படகு ஒருக்களித்துக் கிடந்தது, கயிறு இன்னும் முளைக்குச்சியில் கட்டியபடியே இருந்தது. வானொலியில் அதே நேரம் தண்ணீர்ப் பற்றாக்குறை பற்றி விவாதம் ஓடிக்கொண்டிருந்தது. சரி, கட்டுரை கிடைத்துவிட்டது என்று நினைத்து, யார்மீது தவறு என்பதுவரை மனதுக்குள் எழுதி முடித்துவிட்டேன். விசாரித்தால் கரையைச் செப்பனிடுவதற்காகத் தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். வறட்சி பொய் என்று ஆகிவிடாது, ஆனால் அந்தப் படகு அதற்குச் சாட்சி இல்லை. கண்ணால் கண்டதை முழு விவரத்தோடு எழுதுங்கள், காரணத்தை மட்டும் தேதியோடு கூடிய இரண்டு செய்திகளிலாவது பார்த்துவிட்டு எழுதுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் படகோடு நிறுத்திவிடலாம், வாசிக்கிறவர்களுக்கு அந்தப் படகே போதும்.

சபை விஷயத்துக்கு வருவோம். வழியில் ஞாயிறு வந்தால் எந்த ஆலயமாவது கண்ணில் படும், உள்ளே போய் உட்காருங்கள். எழுதும்போது மட்டும் மதிப்பெண் போடாதீர்கள். பிரசங்கம் நீளம், பாட்டு சுமார், நம் சபையில் இதைவிட நன்றாக இருக்கும் என்றெல்லாம் எழுதினால் அது உங்கள் சபைக்கு விளம்பரம்தான். நாலாம் நூற்றாண்டில் எருசலேமுக்கு யாத்திரை போன எகேரியா என்ற பெண், ஊரிலிருந்த, தான் ‘சகோதரிகள்’ என்று அழைத்த பெண்களுக்காக அங்கே கண்ட ஆராதனைகளை விடாமல் எழுதினார். பெரிய வெள்ளியன்று, இயேசு அறையப்பட்டதாக நம்பப்பட்ட சிலுவை மரத்தை முத்தமிட மக்கள் வரும்போது உதவிக்காரர்கள் சுற்றி நின்று காவல் காப்பார்களாம், யாரோ ஒருவர் ஒருமுறை முத்தமிடுவதுபோல் குனிந்து ஒரு துண்டைக் கடித்து எடுத்துப் போய்விட்டார் என்பதால். காவலை அங்கே நடக்கிற வழக்கமாகவும், கடித்த கதையை மற்றவர்கள் சொன்னதாகவும்தான் எழுதுகிறார். அக்காலப் பரிசுத்த வாரம் எப்படி நடந்தது என்று இன்று ஆராய்பவர்கள் அந்தக் குறிப்புகளைத்தான் புரட்டுகிறார்கள்.

நான் போன ஆலயத்தில், வாசலில் நின்ற முதியவர் பாட்டுப் புத்தகத்தைச் சும்மா கொடுக்கவில்லை, முதல் பாட்டின் பக்கத்தைத் திறந்து, பெருவிரலை அங்கேயே வைத்து, என் விரல் அந்த இடத்துக்கு வந்தபிறகுதான் கையை எடுத்தார். பிரசங்கத்தில் எனக்கு ஒரு வரிகூட நினைவில்லை. என் சபையில் புதிதாக வருகிறவருக்கு யார் பக்கம் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன், ஒரு பெயரும் வரவில்லை. நானும்தான் கொடுத்ததில்லை. சபையைப் பற்றி எழுத அதுதான் எனக்குக் கிடைத்த விஷயம்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். ஜெப வேளையில் யாராவது தன் நோயையோ கடனையோ பகிர்ந்திருந்தால் அது உங்கள் பயணக் கதையில் வரக்கூடாது, பெயரை மாற்றினாலும்கூட. சிறிய சபையில் யார் என்று உடனே தெரிந்துவிடும்.

பிறகு மூன்றையும் கோக்க வேண்டும் என்று சிரமப்படாதீர்கள். படகையும் பாட்டுப் புத்தகத்தையும் ‘இதேபோலத்தான்’ என்று ஒட்டவைத்துப் பார்த்தேன், பசை தெரிந்தது. இப்போது இடையில் ஒரு வரி இடம் விட்டு எழுதிவிடுகிறேன். சபையில் சாட்சியாகச் சொல்லக் கேட்டால் ஐந்து நிமிடம், அதில் ஒரே ஒரு காட்சி.

வெளியிடும் முன் கூட வந்தவர்களிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். என் மனைவி வாசித்துவிட்டு, மழையில் நனைந்தபடி ஆலயத்துக்குள் ஓடினோம் என்று நான் உருகி எழுதியிருந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, ‘அது சனிக்கிழமை, டயர் மாற்றும்போது’ என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தாள்.