லிட்டர் பைக் வாங்கும் முன் ஒரு மாதம் செய்ய வேண்டியவை

"அக்கா, லிட்டர் பைக் எடுக்கலாம்னு இருக்கேன். நீ என்ன சொல்ற?" என்று சித்தப்பா மகன் போன மாதம் கேட்டான். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். லிட்டர் பைக் என்பது ரேஸ் வகை ஆயிரம் சிசி பைக். அப்படி ஒன்றை நான்கு வருடம், 38,000 கிலோமீட்டர் ஓட்டியவள் நான். அதில் டிராக்கில் ஓட்டியது பதினோரு நாள்தான். மற்றதெல்லாம் வேலைக்குப் போனது, விடுமுறையில் மலைப்பாதை ஏறியது, மழையில் நனைந்தபடி வீடு திரும்பியது. இப்போது என்னிடம் இருப்பது 700 சிசிக்கும் குறைவான இரட்டை சிலிண்டர் பைக். பழைய பைக்கை இன்னும் நேசிக்கிறேன். ஆனால் அதன் மூளை, அதாவது மின்னணுக் கட்டுப்பாடு, எனக்கு எவ்வளவு உதவியதோ, அதன் எஞ்சினும் உட்காரும் விதமும் அவ்வளவு வீணாயின. இந்த இரண்டையும் தனித்தனியாக எடைபோடத் தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இந்த பைக்குகள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதிலிருந்து தொடங்குகிறேன். உலக சூப்பர்பைக் சாம்பியன்ஷிப் 1988-ல் தொடங்கியது. அதில் ஓட வேண்டுமானால், அந்த மாடலைக் கடையில் எல்லோருக்கும் விற்றிருக்க வேண்டும். அதனால் ஜெயிக்கத் தேவையான எஞ்சினையும் சட்டகத்தையும் முதலில் தீர்மானித்து, விளக்கும் கண்ணாடியும் நம்பர் பிளேட்டும் பிறகு மாட்டுகிறார்கள். ஹோண்டா 2020-ல் கொண்டுவந்த சிபிஆர்1000ஆர்ஆர்-ஆர் பைக்கைப் பாருங்கள். 81 மில்லிமீட்டர் அகல பிஸ்டன், 48.5 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்). மோட்டோஜிபி ரேஸ் பைக்கை ஒட்டிச் செய்த ஆர்சி213வி-எஸ் மாடலிலும் இதே அளவுதான். 214 குதிரைத்திறன் முழுதாகக் கிடைப்பது நிமிடத்துக்கு 14,500 சுற்றில். அதிகபட்ச டார்க், அதாவது எஞ்சினின் திருப்புவிசை, 113 நியூட்டன் மீட்டர், அது 12,500 சுற்றில். யமஹா எம்டி-09-ன் 890 சிசி எஞ்சின் 93 நியூட்டன் மீட்டரை 7,000 சுற்றிலேயே தந்துவிடுகிறது. கடைத்தெருவிலும் புறவழிச்சாலையிலும் எஞ்சின் பெரும்பாலும் நாலாயிரம், ஐயாயிரம் சுற்றில்தான் ஓடுகிறது. அங்கே சிறிய எஞ்சின் உங்களை எளிதாக இழுத்துப் போகும், பெரியது கியர் குறைக்கச் சொல்லும்.

லிட்டர் பைக்குகளில் முதல் கியரிலேயே மணிக்கு 130 கிலோமீட்டரைத் தாண்டலாம். 130 என்றால் நொடிக்கு 36 மீட்டர். மீதமிருக்கும் ஐந்து கியர்களை முழுதாகப் பயன்படுத்தச் சாலையில் இடமில்லை. நூறு கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போவதற்கு ஒரு பைக்குக்குத் தேவைப்படுவது 10 முதல் 15 குதிரைத்திறன். மிச்சம் இருநூறும் கூண்டுக் கம்பிக்குப் பின்னால் கட்டிப்போட்ட விலங்கு போலக் காத்திருக்கும், அதைப் பிடித்து வைக்கும் வேலை உங்கள் வலது மணிக்கட்டுக்கு.

சரி, எப்படி முடிவெடுப்பது? ஷோரூமுக்குப் போவதைத் தள்ளிவையுங்கள். இப்போது வைத்திருக்கும் பைக்கிலேயே ஒரு மாதம் குறிப்பு எழுதுங்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வரி போதும்: எத்தனை கிலோமீட்டர், நாற்பதுக்குக் கீழே ஊர்ந்த நேரம் எவ்வளவு, திராட்டிலை (ஆக்சிலரேட்டரை) முழுதாகத் திறந்தது எத்தனை முறை, எத்தனை நொடி, மழை இருந்ததா, பின்னால் ஆள் இருந்தாரா. பைக்கை நிறுத்தியவுடனே எழுதிவிடுங்கள். இரவில் எழுதினால் நினைவு நமக்குச் சாதகமாகப் பேசும். நான் இதைச் செய்தது லிட்டர் பைக் வாங்கி மூன்றாவது வருடத்தில். அந்த மாதம் 22 பயணம். திராட்டில் முழுதாகத் திறந்தது இரண்டே முறை, இரண்டும் மூன்று நொடிக்குக் குறைவு. பாதிக்கு மேற்பட்ட நேரம் நாற்பதுக்குக் கீழே. அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கணக்கை வாங்கும் முன்பே போட்டிருக்க வேண்டும்.

அடுத்தது உடம்பு. வாங்க நினைக்கும் பைக்கில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. ஸ்டாண்டில் நிறுத்தி, ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை எல்லாம் அணிந்து, இருபது நிமிடம் உட்காருங்கள். தாழ்ந்த கிளிப்-ஆன் ஹேண்டிலில் கை வைத்து, முழங்கையை லேசாக மடக்கி, வயிற்றுத் தசையால் உடம்பைத் தாங்கிப் பாருங்கள். வேகமாகப் போகும்போது எதிர்காற்று நெஞ்சைத் தாங்கிக்கொள்ளும். மெதுவாகப் போகும்போது அந்த எடை முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். டிராக்கில் வளைவுக்கு வளைவு உடம்பை நகர்த்திக்கொண்டே இருப்பதால் இது தெரியாது. நெரிசலில் அரை மணி நேரம் போன பிறகு எனக்கு இடது கையில் இரண்டு விரல் மரத்துப்போகும். கிளட்ச் பிடிக்கும் கை அது. உங்களுக்கு அப்படி ஆனால் அதைப் பொறுத்துக்கொள்ளப் பழகாதீர்கள். அந்த பைக் உங்கள் தினசரி வேலைக்குரியது இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பியும் பாருங்கள். இந்த வகை பைக்குகளில் அது குறைவாகத்தான் திரும்பும். குறுகிய சந்தில் யூ-டர்ன் போடும்போது நான் ஒருமுறை கீழே போட்டிருக்கிறேன்.

சூட்டைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. அழுத்தம் மிகுந்த பெரிய எஞ்சின் உங்கள் தொடைகளுக்கு நடுவே இருக்கிறது, நின்றால் காற்று இல்லை. டுகாட்டி பனிகாலே வி4 சூடாகி நிற்கும்போது, ஓட்டுபவருக்கு அருகில் இருக்கும் பின்பக்க இரண்டு சிலிண்டர்களை நிறுத்திவிடும்படி செய்திருக்கிறார்கள். தயாரிப்பாளரே இவ்வளவு யோசித்திருக்கிறார் என்றால் பிரச்சினை எவ்வளவு பெரியது என்று புரிந்துகொள்ளுங்கள். டெஸ்ட் ரைடை காலையில் எடுக்காதீர்கள், மதியம் கேளுங்கள்.

இப்போது மூளை. இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

2015-ல் வந்த யமஹா ஆர்1-ல் ஆறு அச்சு ஐஎம்யு இருந்தது. மூன்று திசையில் முடுக்கத்தையும், மூன்று திசையில் சுழற்சியையும் அளக்கும் சின்னப் பெட்டி அது. பைக் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, முன்சக்கரம் தூக்குகிறதா, பின்சக்கரம் பக்கவாட்டில் நழுவுகிறதா என்பதை நொடிக்கு நூறு முறைக்கு மேல் கணக்கிட்டு, பிரேக்கையும் எஞ்சினையும் அதற்கேற்ப அடக்கும். சாதாரண ஏபிஎஸ், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும், அவ்வளவுதான். வளைவில் சாய்ந்திருக்கும்போது முன் பிரேக்கைப் பதறிப் பிடித்தால் பைக் நிமிர்ந்து வளைவைவிட்டு வெளியே ஓடும், அல்லது முன்சக்கரம் நழுவும். சாய்வை அறிந்த ஏபிஎஸ் அந்த அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றுகிறது.

ஒரு மழைநாள் சாயங்காலம், வளைவு முடியும் இடத்தில் நனைந்த வெள்ளைக் கோட்டின் மேல் சக்கரம் ஏறும்போது திராட்டிலைக் கொஞ்சம் முந்தித் திறந்துவிட்டேன். பின்சக்கரம் ஒரு விரற்கடை நழுவியது, மீட்டரில் மஞ்சள் விளக்கு துடித்தது, அதற்குள் பைக் நேராகிவிட்டது. நான் ஒன்றுமே செய்யவில்லை. செய்ய நேரமும் இல்லை. அன்று வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெட்டிக்காகக் கொடுத்த பணத்தில் ஒரு காசும் வீண் இல்லை.

ஆனால் இதற்கு 214 குதிரைத்திறன் தேவையில்லை. வளைவில் வேலை செய்யும் ஏபிஎஸ்ஸை பாஷ் நிறுவனம் முதலில் கொடுத்தது ரேஸ் பைக்குக்கு அல்ல. கேடிஎம்-மின் 1190 அட்வென்ச்சர், 2014 மாடல், நீண்ட பயணத்துக்கான உயரமான பைக். இன்று நடுத்தர எஞ்சின் பைக்குகளிலும் அது கிடைக்கிறது. ஏப்ரிலியா ஆர்எஸ்660 நூறு குதிரைத்திறன் பைக்தான், ஆறு அச்சு ஐஎம்யு அதிலும் இருக்கிறது. ஆகவே விவரப் பட்டியலைப் படிக்கும்போது குதிரைத்திறன் வரியைக் கையால் மறைத்துக்கொண்டு, வளைவு ஏபிஎஸ் உண்டா, சாய்வை அறிந்த டிராக்‌ஷன் கன்ட்ரோல் (பின்சக்கரம் நழுவாமல் எஞ்சினை அடக்குவது) உண்டா, மழை மோட் (எஞ்சினை மென்மையாக இழுக்க வைக்கும் அமைப்பு) உண்டா என்று தேடுங்கள். குயிக்‌ஷிஃப்டர் இருந்தால் கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்றலாம், இடது கைக்கு ஓய்வு, நல்லதுதான். ரேஸ் தொடங்கும்போது வேகமாகக் கிளம்ப உதவும் லாஞ்ச் கன்ட்ரோலை நான்கு வருடத்தில் சாலையில் ஒருமுறைகூடத் தொடவில்லை.

பிரேக்கில் பலர் ஏமாறுவதையும் சொல்லிவிடுகிறேன். விலையுயர்ந்த காலிப்பர் (பிரேக் வட்டைப் பிடிக்கும் பாகம்) இருந்தால் பாதி தூரத்தில் நிற்கலாம் என்று நினைக்கிறார்கள். நல்ல தார்ச்சாலையில் ஒரு அளவுக்கு மேல் பிடித்தால் பின்சக்கரம் தூக்கிவிடும். எல்லை அங்கே இருக்கிறது, காலிப்பரில் இல்லை. நல்ல பிரேக் தருவது விரலுக்குத் துல்லியமும், திரும்பத் திரும்பப் பிடித்தாலும் சோராத தன்மையும். மிக நன்றாகப் பிடித்தாலும் நூறில் வரும் பைக் நிற்க ஏறக்குறைய 40 மீட்டர் ஆகும். அபாயத்தைப் பார்த்துக் கை அசைய ஒரு நொடி என்றால் இன்னொரு 28 மீட்டர். அதே கணக்கில் 140-ல் வந்தால் மொத்தம் 115 மீட்டரைத் தாண்டிவிடும். லிட்டர் பைக்கில் நூறுக்கும் நூற்று நாற்பதுக்கும் நடுவே நீங்கள் மூச்சு விடும் நேரம்தான் இருக்கிறது.

விங்லெட், அதாவது பைக்கின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன இறக்கைகள் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். 2020 பனிகாலே வி4-ன் இறக்கைகள் மணிக்கு 270 கிலோமீட்டரில் பைக்கைக் கீழ்நோக்கி 30 கிலோ அழுத்தம் தருவதாக டுகாட்டி சொல்கிறது. இந்த அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், குறையும். 90-ல் போனால் வேகம் மூன்றில் ஒன்று, அழுத்தம் ஒன்பதில் ஒன்று. மூன்று கிலோ சொச்சம்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் லிட்டர் பைக்தான் வேண்டும் என்றால், வாங்குங்கள். உள்ளுக்குள் அந்த ஆசை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். டிராக் அருகில் இருந்து, வருடத்தில் ஐந்தாறு நாளாவது அங்கே போவீர்கள் என்றால் அந்தப் பணம் நியாயமாகவே செலவாகும். ஆனால் கடையிலிருந்து வந்தபடி சாலையில் ஓட்டாதீர்கள்.

முதலில் சஸ்பென்ஷன். என் எடை 56 கிலோ. பைக்கின் ஸ்பிரிங் என்னைவிடக் கனமான ஒருவர் ரேஸ் வேகத்தில் பிரேக் பிடிப்பதை மனதில் வைத்து அமைந்தது. சின்னப் பள்ளத்தில்கூட முதுகில் குத்தும். இதற்கு அளவு எடுக்க வேண்டும். பின்சக்கரம் தரையில் படாதபடி தூக்கி, அச்சிலிருந்து நேர்மேலே சீட்டின் கீழ் ஒரு இடத்தில் டேப் ஒட்டி, இரண்டுக்கும் உள்ள தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பைக்கை இறக்கி, முழு உடையுடன் நீங்கள் ஏறி உட்கார, இன்னொருவர் அதே தூரத்தை அளக்கட்டும். வித்தியாசம் 30 முதல் 40 மில்லிமீட்டர் இருந்தால் சாலைக்குச் சரி. எனக்கு 17 வந்தது. பிரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவை) முழுதாகத் தளர்த்திய பிறகும் 22. பிரீலோடு பைக் உட்காரும் உயரத்தைத்தான் மாற்றும், ஸ்பிரிங்கின் கடினத்தை மாற்றாது. மென்மையான ஸ்பிரிங் போட்ட பிறகு 32 வந்தது. அதே சாலை, அதே பைக், ஆனால் வளைவில் சக்கரம் தரையை விடாமல் ஓடியது. எலக்ட்ரானிக் சஸ்பென்ஷன் இருந்தாலும் இந்த அளவை எடுங்கள். அது டேம்பிங்கைத்தான் (ஸ்பிரிங் ஆட்டத்தை அடக்கும் அளவை) மாற்றுகிறது, தவறான ஸ்பிரிங்கை அதனால் சரிசெய்ய முடியாது.

டயரும் அப்படித்தான். ரேஸுக்கு நெருங்கிய டயர் சூடானால்தான் பிடிக்கும். டிராக்கில் அதற்காகவே வார்மர் என்ற சூடாக்கும் உறையைச் சுற்றி 80 டிகிரி அளவுக்குச் சூடாக்கி அனுப்புகிறார்கள். காலைக் குளிரில் வேலைக்குப் போகும் டயருக்கு அந்தச் சூடு கிடைக்காது, பள்ளக் கோடுகள் குறைவு என்பதால் மழையில் தண்ணீரையும் சரியாகத் தள்ளாது. ஸ்போர்ட்-டூரிங் டயர் போடுங்கள். காற்றழுத்தத்தைப் பைக்கின் கையேட்டில் உள்ளபடி வையுங்கள். டிராக்கில் குறைத்து வைக்கச் சொன்ன நண்பரின் எண்ணைச் சாலைக்குக் கொண்டுவராதீர்கள்.

முதல் கியர் அநியாயத்துக்கு நீளமாகத் தோன்றினால் முன் ஸ்பிராக்கெட்டில் (செயின் ஓடும் பற்சக்கரத்தில்) ஒரு பல் குறைக்கலாம், நெரிசலில் கிளட்ச் கருகுவது குறையும். சில பைக்குகளில் அதை பைக்கின் கம்ப்யூட்டருக்கும் தெரிவிக்க வேண்டியிருக்கும், முதலில் கையேட்டைப் பாருங்கள். முதல் ஆயிரம் கிலோமீட்டர் மழை மோடிலேயே ஓட்டுங்கள், வெயிலடித்தாலும். பராமரிப்புக் கணக்கையும் முன்கூட்டியே போடுங்கள். பனிகாலே வி4-ல் 24,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை வால்வு இடைவெளி பார்க்க வேண்டும். அந்த வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தயாரிப்பாளர்களே திசை மாறிக்கொண்டிருப்பதையும் கவனியுங்கள். 2025 முதல் ஐரோப்பாவில் ஆர்1-ஐ சாலைக்கு விற்பதில்லை, டிராக்குக்கு மட்டும் என்று யமஹா அறிவித்தது. 2024 அக்டோபரில் அவர்கள் காட்டிய ஆர்9-ல் இருப்பது நான் மேலே சொன்ன அதே 890 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சின், ஆறு அச்சு ஐஎம்யுவோடு. தம்பிக்கு அந்த வகையைத்தான் பார்க்கச் சொன்னேன்.

அவன் குறிப்பு எழுதத் தொடங்கி 19 நாள் ஆகிறது. நேற்று பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினான்: மழை ஆறு நாள், பின்னால் ஆள் ஒன்பது முறை, முழு திராட்டில் ஒருமுறை. வரும் ஞாயிறு மதியம் இரண்டு பைக்குகளை ஓட்டிப் பார்க்கப் போகிறோம், ஒன்று லிட்டர், ஒன்று நடுத்தரம். ஜாக்கெட்டோடு ஒரு அளவு நாடாவும் டேப்பும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.